கருவைத் தொடாமலே நல்ல கருவைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கரு வளர்க்கும் ஐவிஎஃப் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, முட்டை எடுத்த ஐந்தாம் நாள் லேபிலிருந்து ஒரு போன் வரும். நாலு கரு நன்றாக வளர்ந்திருக்கிறது, இன்றைக்கு ஒன்றைக் கருப்பையில் வைக்கிறோம், மற்ற மூன்றை உறைய வைத்துவிடுகிறோம் என்பார்கள். அந்த நேரத்துச் சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. போனை வைத்த பிறகுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். நாலில் எந்த ஒன்று? எதை வைத்து முடிவு செய்தார்கள்? நல்லதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருந்தால்?

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேபில் எம்பிரியாலஜிஸ்டாக, அதாவது கருக்களை வளர்த்துப் பார்த்துக்கொள்பவளாக, வேலை செய்கிறேன். தமிழ் பேசுவேன் என்பதால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களிடமிருந்தும், ஊரில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய அம்மாக்களிடமிருந்தும்கூட இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. "அக்கா, கேமரா வச்ச மெஷின்ல வளர்த்தா கண்டிப்பா நிக்குமாமே, உண்மையா?" "கருவுல ஊசி போடாம அது வளர்ற தண்ணியை மட்டும் டெஸ்ட் பண்ணி குரோமோசோம் சரியா இருக்கான்னு சொல்லிடுவாங்களாமே?" கேட்பவர்கள் கடன் வாங்கி இந்தச் சிகிச்சைக்கு வந்தவர்கள். அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனசு வராததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் புரியும். எந்தத் தேர்வு முறையும் ஒரு கருவை நல்ல கருவாக மாற்றாது. இருக்கும் கருக்களை வரிசைப்படுத்த மட்டும்தான் அது உதவும். இப்போதெல்லாம் கருவை வேகமாக உறைய வைக்கும் முறை மிக நன்றாக இருக்கிறது, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்து எடுத்தாலும் பெரும்பாலான கருக்கள் பிழைத்துக்கொள்கின்றன. அதனால் உங்களிடம் நாலு கரு இருந்து, அதில் ஒன்று குழந்தையாகக்கூடியது என்றால், ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் எப்படியும் அந்த ஒன்றுக்கு வந்து சேருவோம். நல்ல தேர்வு இருந்தால் நாலாவது தடவைக்குப் பதில் முதல் தடவையிலேயே வந்து சேரலாம். அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு தோல்வியும் எவ்வளவு வலிக்கும் என்பது அதைக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 'வாய்ப்பு கூடுகிறது' என்பதும் 'சீக்கிரம் நடக்கிறது' என்பதும் வேறு வேறு.

அப்புறம், ஏன் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டு மூன்றை ஒன்றாக வைத்துவிடலாமே என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. முன்பு அப்படித்தான் செய்தார்கள். அதனால் இரட்டை, மூன்று குழந்தைகள் நிறையப் பிறந்தன, பலவும் குறைமாதத்தில். தாய்க்கு ரத்த அழுத்தம், குழந்தைக்கு இன்குபேட்டர், வாரக்கணக்கில் ஐசியு என்று குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஒரு கரு, ஒரு குழந்தை என்ற வழிக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் வந்தது அதனால்தான். ஒன்றைத்தான் வைக்கப் போகிறோம் என்றான பிறகு எந்த ஒன்று என்ற கேள்வி பெரிதாகிவிட்டது.

சரி, லேபில் அந்த ஐந்து நாள் என்ன நடக்கிறது?

கருமுட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கண் கூர்மையாக இருந்தால் ஒரு புள்ளியாகத் தெரியலாம், அவ்வளவுதான். விந்தணுவோடு சேர்த்த பிறகு 16 முதல் 18 மணி நேரத்துக்குள் ஒரு தடவை பார்ப்போம். முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஒன்று அம்மாவுடைய மரபணுப் பொதி, இன்னொன்று அப்பாவுடையது. இரண்டு இருந்தால் சரியாகக் கருவுற்றிருக்கிறது. மூன்று தெரிந்தால் அதைச் சாதாரணக் கருவாக எடுத்துக்கொள்ள முடியாது, ஒதுக்கிவிடுவோம். இரண்டாம் நாள் நாலு செல், மூன்றாம் நாள் எட்டு செல், நாலாம் நாள் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டி உருண்டையாகிவிடும். ஐந்தாம் நாள், சிலவற்றுக்கு ஆறாம் நாள், நடுவில் நீர் கோத்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. கருவுற்ற எல்லாமே இந்த நிலைக்கு வந்துவிடாது, வழியிலேயே பல நின்றுவிடும். பத்து முட்டை எடுத்தார்களே, மூன்றுதான் மிஞ்சியது என்றால் என்ன செய்தீர்கள் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடம்புக்குள் இயற்கையாக நடக்கும்போதும் இதே வடிகட்டல்தான் நடக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. கரு ஐந்து நாள் தாக்குப்பிடித்து வளர்ந்து வருவதே ஒரு தேர்வு, அதற்குத் தனியாக ஒரு ரேண்ட் கூடச் செலவில்லை.

பிளாஸ்டோசிஸ்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது என்ன பார்க்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருவைத் தொடாத முறைகளிலேயே மிகப் பழையதும் இன்றும் அதிகம் பயன்படுவதும் இதுதான். தட்டில் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் ஒரு துளி வளர்ப்புத் திரவம், அதற்குள் கரு. ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் முதலில் வெளிவிளிம்பு தெரியும், பிறகு அதன் உட்பக்கமாக ஓடும் செல் வரிசை. அந்த வரிசைதான் பின்னால் நஞ்சுக்கொடியாகும். செல்கள் நிறைய இருந்து, நெருக்கமாகச் சேர்ந்து நின்றால் நல்லது. நாலைந்து பெரிய செல்கள் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் அவ்வளவு நல்லதில்லை. இன்னும் கொஞ்சம் ஃபோகஸை மாற்றினால் உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கிய செல் கொத்து தெரியும், குழந்தையாகப் போவது அதுதான். இறுக்கமாக, எண்ண முடியாத அளவுக்குச் செல்களோடு இருந்தால் ஏ. கொஞ்சம் தளர்வாக இருந்தால் பி. தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் சி. வெளிவரிசைக்கும் இதே மாதிரி ஒரு எழுத்து. எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். உங்கள் ரிப்போர்ட்டில் 4ஏபி, 5பிபி என்று எழுதியிருப்பது இதைத்தான். முதல் எழுத்து உள்கொத்துக்கு, இரண்டாவது வெளிவரிசைக்கு. டேவிட் கார்ட்னரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களின் கடைசியில் கொண்டுவந்த முறை இது, இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

பி, சி என்ற எழுத்துகளை ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு அழுதுகொண்டு போன் செய்தவர்களை எனக்குத் தெரியும். பரீட்சை மார்க் மாதிரி இதைப் பார்க்கக் கூடாது. குறைந்த எழுத்து வாங்கிய கருவிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறக்கிறார்கள், கொஞ்சம் குறைவான தடவை, அவ்வளவுதான். பிறந்த பிறகு அந்தக் குழந்தையின் அறிவிலோ அழகிலோ இந்த எழுத்துக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதேபோல் 5ஏஏ வாங்கிய கருவுக்கும் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) எண்ணிக்கை தவறாக இருக்கலாம், கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்து அளப்பது ஏதோ பழங்காலத்து வேலை என்று நினைக்கவும் வேண்டாம். விந்தணுவின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் கறாராக அளவிடும் முறையை 1980களில் உருவாக்கியவர்கள் கேப் டவுன் பக்கத்து டைகர்பெர்க் மருத்துவமனையின் தினஸ் க்ரூகரும் ரூலஃப் மெங்க்வெல்டும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2010ல் வெளியிட்ட லேப் கையேட்டில் சொல்லும் குறைந்தது 4 சதவீத விந்தணுவாவது சரியான வடிவில் இருக்க வேண்டும் என்ற வரம்பு அந்தக் கறாரான அளவீட்டை வைத்து வந்தது. இந்த நாட்டில் வேலை செய்பவள் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

கண்ணால் பார்ப்பதில் உண்மையான குறைகள் இரண்டு. ஒரே கருவை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் ஏ போடுவார், இன்னொருவர் பி போடுவார். இரண்டாவது, பார்க்க வேண்டுமென்றால் இன்குபேட்டரிலிருந்து தட்டை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே 37 டிகிரி சூடு, 6 சதவீதம் போல கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீதம் ஆக்சிஜன். வெளியே எடுத்த நிமிஷத்திலிருந்து இதெல்லாம் மாற ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு நாளில் ஒரே ஒரு தடவை, சட்டென்று பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். மற்ற 23 மணி நேரத்தில் கரு என்ன செய்தது என்று தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் டைம்லாப்ஸ் இன்குபேட்டர், அந்தப் பெண் 'கேமரா வச்ச மெஷின்' என்று கேட்டது இதைத்தான். இன்குபேட்டருக்குள்ளேயே மைக்ராஸ்கோப்பும் கேமராவும் இருக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போல மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுக்கும், கதவைத் திறக்கவே வேண்டாம். மறுநாள் காலையில் அந்தப் படங்களை ஓடவிட்டால் ஒரு முழு நாள் ஒரு நிமிஷத்துக்குள் கண் முன்னே ஓடும். முன்பு தெரியாத பல விஷயங்கள் இதில் தெரிகின்றன. ஒரு செல் இரண்டாகாமல் நேராக மூன்றாகப் பிளந்துவிடும், அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்குவதில்லை. நாளுக்கு ஒரு தடவை பார்க்கும்போது அதுவும் 'மூன்று செல், சீக்கிரமே நாலாகிவிடும்' என்று நல்ல கருவாகவே தோன்றியிருக்கும். பிரிந்த இரண்டு செல் மறுபடி ஒன்றாகிவிடுவதும் உண்டு. விரிந்த பிளாஸ்டோசிஸ்ட் திடீரென்று சுருங்கி, மறுபடி மெல்ல விரிவதைப் பார்த்தால் முதலில் பார்ப்பவர்களுக்குப் பதறிவிடும், ஆனால் ஒரு தடவை அப்படி ஆவது சகஜம். அடிக்கடி சுருங்குபவை கொஞ்சம் பின்தங்குகின்றன.

இவ்வளவு தெரிகிறதே, அப்படியானால் குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடியிருக்க வேண்டுமே என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் 1731 தம்பதிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2023ல் லான்செட் இதழில் வந்தது. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1575 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2024ல் அதே இதழில் வந்தது. இரண்டிலும் வித்தியாசம் இல்லை. இரண்டாவது ஆய்வில் டைம்லாப்ஸ் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அதே இன்குபேட்டரில் கதவு திறக்காமல் வளர்த்து வழக்கப்படி தேர்ந்தெடுத்தவர்கள், சாதாரண இன்குபேட்டர்க்காரர்கள் என்று மூன்று குழுவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. ஆக, டைம்லாப்ஸ் நல்ல இன்குபேட்டர், எங்களுக்கு வேலை சுலபம், கருவுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் அதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டு, வாய்ப்பு கூடும் என்று சொல்லி விற்றால் அது சரியில்லை. சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அது சேர்ந்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்தக் கரு தங்கியது எது தங்கவில்லை என்றும் சொல்லிக் கற்றுக்கொடுத்தால், புதிய கருவுக்கு அதுவே ஒரு மதிப்பெண் போட்டுவிடும். ஏஐ தேர்வு என்று இப்போது விளம்பரத்தில் பார்ப்பது இதுதான். இதன் பெரிய பலம், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறாது என்பது. களைத்துப்போன கண்ணும் தூக்கம் இல்லாத இரவும் அதற்கு இல்லை. 14 மையங்களில் 1066 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2024ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஏஐ தேர்ந்தெடுத்த குழுவில் 46.5 சதவீதம் பேர் கருவுற்றார்கள், எம்பிரியாலஜிஸ்ட் தேர்ந்தெடுத்த குழுவில் 48.2 சதவீதம். மனிதருக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று நிரூபிக்க நினைத்தார்கள், அதை நிரூபிக்க முடியவில்லை. ஆனால் மனிதருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆன வேலையை அது இருபது விநாடி போலச் செய்து முடித்தது. நிறையப் பேர் வரும் மையத்தில் அந்த நேரம் பெரிய உதவி. இன்றைய நிலையில் ஏஐ எனக்குப் பக்கத்தில் உட்காரும் இரண்டாவது ஆள், முடிவெடுப்பது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் இந்தக் கருவைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் அதனால் விளக்கம் சொல்ல முடியாது, நான் சொல்லியாக வேண்டும்.

இனி வருவது கருவைப் பார்க்காமல் அது இருந்த திரவத்தைப் பார்க்கும் முறைகள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரின் இலையைப் பார்த்தாலே எதை விரும்பிச் சாப்பிட்டார், எதைத் தொடவில்லை என்று பரிமாறியவருக்குத் தெரிந்துவிடும். கருவும் அந்தத் துளியிலிருந்து குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு சிலவற்றைத் திரும்ப விடுகிறது. என்ன குறைந்தது, என்ன கூடியது என்று அளந்தால் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஊகிக்கலாம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஹென்றி லீஸ் 2002ல் ஒரு கருத்தைச் சொன்னார்: நன்றாக இருக்கும் கரு அமைதியாக இருக்கும், குறைவாக எடுத்துக் குறைவாகவே வெளிவிடும், உள்ளே பழுது பார்த்துக்கொண்டிருக்கும் கருதான் பரபரக்கும். எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது. ஆனால் இதை வைத்துத் தினசரி வேலைக்கு ஒரு கருவி செய்வது கைகூடவில்லை. அகச்சிவப்பு ஒளியை அந்தத் திரவத்தில் பாய்ச்சி மதிப்பெண் போடும் கருவி ஒன்று 2000களின் கடைசியில் பெரிய நம்பிக்கையோடு வந்தது. முறையாகச் சோதித்தபோது கண்ணால் பார்ப்பதைவிட அது ஒன்றும் கூடுதலாகத் தரவில்லை, மறைந்துவிட்டது. துளியின் அளவு சில பத்து மைக்ரோலிட்டர், அதில் ஒரு கரு செய்யும் மாற்றம் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யோசித்தால் கஷ்டம் புரியும்.

அதே திரவத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகளும் மிதக்கின்றன. குரோமோசோம் பரிசோதனைக்கு இப்போது பெரும்பாலும் செய்வது பயாப்ஸி: லேசரால் கருவின் வெளியுறையில் சின்னத் திறப்பு வைத்து, நஞ்சுக்கொடியாகப் போகும் வரிசையிலிருந்து ஐந்து முதல் பத்து செல் வரை எடுத்து அனுப்புவோம். கைதேர்ந்தவர் செய்தால் பெரும்பாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அது கருவைத் தொடுகிற வேலை. அதற்குப் பதில் கரு தானாக விட்ட டிஎன்ஏவையே படித்துவிட்டால் என்ன என்பதுதான் தொடாத குரோமோசோம் பரிசோதனை. உங்களில் பலர் வாட்ஸாப்பில் அனுப்பிக் கேட்கும் விஷயம் இதுதான்.

யோசனை அழகானது. சிக்கல் எங்கே என்றால், அந்தத் துளியில் இருப்பது கருவின் டிஎன்ஏ மட்டும் இல்லை. முட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் அம்மாவின் செல்கள் இரண்டொன்று தங்கிவிட்டால் அவருடைய டிஎன்ஏவும் கலந்துவிடும். அம்மாவின் குரோமோசோம் சரியாக இருப்பதால், ரிப்போர்ட் 'எல்லாம் சரி, பெண் கரு' என்று வரும், உண்மையில் படித்தது அம்மாவை. இதைத் தடுக்க முட்டையைச் சுற்றியுள்ள செல்களைச் சுத்தமாக நீக்கி, ஒரு விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தி, நாலாம் நாள் கருவைக் கழுவிப் புதுத் துளிக்கு மாற்றி, ஆறாம் நாள் வரை அதிலேயே விட்டு, அப்புறம் அந்தத் துளியை எடுக்கிறார்கள். டிஎன்ஏ போதுமான அளவு சேர அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் ஐந்தாம் நாளே கருவை வைக்க முடியாது, எல்லாவற்றையும் உறைய வைத்துப் பிறகுதான் வைக்க முடியும். இவ்வளவு கவனமாகச் செய்தும் 2020ல் வெளிவந்த 8 மையங்களின் ஆய்வில், 1301 கருக்களில் ஏறத்தாழ 78 சதவீதத்தில்தான் திரவத்தின் முடிவும் பயாப்ஸி முடிவும் ஒத்துப்போயின. அதாவது ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலாக இரண்டும் வேறு வேறு சொல்கின்றன. அதில் எது சரி என்பதும் எப்போதும் தெளிவில்லை, ஏனென்றால் பயாப்ஸியும் ஒரு மூலையில் எடுத்த சில செல்களை வைத்து முழுக் கருவையும் ஊகிப்பதுதான், ஒரே கருவில் சில செல் சரியாகவும் சில செல் தவறாகவும் இருப்பதுண்டு. ஐரோப்பிய மருத்துவர்களின் சங்கமான ஈஷ்ரே 2023ல் கூடுதல் சிகிச்சைகள் பற்றி வெளியிட்ட பரிந்துரையில் இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. என் கவலையும் அதேதான்: இந்த முடிவை நம்பி ஒரு கருவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எதை முதலில் வைப்பது என்று வரிசை போட மட்டும் பயன்படுத்துவதில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது.

பயாப்ஸி செய்து குரோமோசோம் பார்ப்பதே எல்லோருக்கும் வேண்டுமா என்றால், அதற்கும் பதில் வயசைப் பொறுத்தது. 2019ல் 661 பெண்களை வைத்து வந்த ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சீனாவில் 1212 பெண்களை வைத்துச் செய்து 2021ல் வெளிவந்த ஆய்வில், மூன்று பிளாஸ்டோசிஸ்டாவது இருந்த 37 வயசுக்குட்பட்டவர்களில், பரிசோதனை செய்தவர்களில் 77.2 சதவீதம் பேருக்கும் செய்யாதவர்களில் 81.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இளம் வயசுக்காரர்களுக்கு அது லாபம் தரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் கதை வேறு. அந்த வயசில் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் குரோமோசோம் கோளாறு இருக்கும், கருச்சிதைவு அடிக்கடி ஆகும், ஒவ்வொரு மாதமும் விலைமதிப்புள்ளது. அவர்களுக்கு முன்கூட்டித் தெரிந்துகொள்வது பல மாதங்களையும் ஒரு பெரிய துக்கத்தையும் மிச்சப்படுத்தலாம்.

உதாரணத்துக்கு, 31 வயசுப் பெண், எட்டு பிளாஸ்டோசிஸ்ட், எல்லாம் நல்ல எழுத்து. அவருக்கு லேபின் கண் போதும், ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். 41 வயசுப் பெண், ஒரே ஒரு பிளாஸ்டோசிஸ்ட். தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை, இருப்பது ஒன்று. அவரிடம் ஏஐ தேர்வுக்குப் பணம் வாங்குவதை என் மனசு ஒப்புக்கொள்ளாது. 39 வயசு, ஐந்து கரு, ஏற்கனவே இரண்டு தடவை கலைந்தது என்றால், அங்கேதான் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) கட்டாயமாகத் தர வேண்டிய சலுகைகளில் குழந்தையின்மைக்கான ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி மாதிரியானவை வரும், ஐவிஎஃப் வராது. அரசு மருத்துவமனை என்றால் கேப் டவுனில் க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க், பிரிட்டோரியாவில் ஸ்டீவ் பிக்கோ மாதிரி சில இடங்கள்தான், இவை டர்பனுக்குப் பக்கத்தில் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் கையிலிருந்துதான் கட்டுகின்றன. கூடுதல் பரிசோதனைக்குச் செலவழித்த தொகை இன்னொரு தடவை உறைய வைத்த கருவை வைக்க ஆகும் செலவுக்கு ஈடாக இருந்தால், முக்கால்வாசிப் பேருக்கு அந்த இன்னொரு தடவைதான் அதிகம் பயன்படும். பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பான எச்எஃப்இஏ ஒவ்வொரு கூடுதல் சிகிச்சைக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று நிறம் போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எதற்காவது பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் கூழ் ஊற்றும் இடத்திலும் தைப்பூசக் காவடியிலும் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்கும் பெரியம்மாக்கள், ஐவிஎஃப் என்று தெரிந்ததும் அடுத்தபடியாகக் கேட்பது, ஆண் கருவாகப் பார்த்து வைக்கச் சொல்லலாமே என்பது. குரோமோசோம் பரிசோதனையில், திரவத்தில் செய்தாலும் பயாப்ஸியில் செய்தாலும், ஆணா பெண்ணா என்பது தெரியும்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2012ல் வந்த விதிகள், பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கருவைப் பரிசோதிப்பதைத் தடை செய்கின்றன. பாலினத்தோடு சேர்ந்து வரும் கடுமையான மரபணு நோய் குடும்பத்தில் இருந்தால் மட்டும் விலக்கு. கெஞ்சினாலும் நாங்கள் சொல்ல மாட்டோம், கேட்டு உங்கள் மருமகளைச் சங்கடத்தில் விடாதீர்கள்.

மையத்துக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். எத்தனை நாள் வளர்க்கிறீர்கள், ஐந்தாம் நாள் வரையா? கருவுக்கு எழுத்து போடுவது ஒருவரா, இரண்டு பேர் பார்த்து ஒப்பிடுவார்களா? என் வயசில் இருப்பவர்களுக்கு உங்கள் லேபில் ஒரு கரு வைத்தால் எத்தனை பேருக்குக் குழந்தை பிறக்கிறது, கருவுற்றவர்கள் எத்தனை என்று இல்லை, பிறந்தது எத்தனை? உறைய வைத்து எடுத்தால் எத்தனை பிழைக்கின்றன? கரண்ட் போனால் இன்குபேட்டருக்கு என்ன ஏற்பாடு? 2023ல் இங்கே லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லா லேபும் பதில் வைத்திருந்தாக வேண்டியிருந்தது, யூபிஎஸ், ஜெனரேட்டர், டீசல் எவ்வளவு நேரத்துக்கு என்பது வரை. 37 டிகிரி கொஞ்சம் இறங்கினாலும் அந்தக் கருவுக்கு எந்த ஏஐ மதிப்பெண்ணும் உதவாது.

தொடாத குரோமோசோம் பரிசோதனையை உங்களுக்குச் சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஆய்வாகச் செய்கிறீர்களா, கட்டணத்துக்கா? ஆய்வு என்றால் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்க வேண்டும், அதற்குரிய ஒப்புதல் தாளில் உங்கள் கையெழுத்தும் வாங்குவார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முடிவு மோசம் என்று வந்தால் அந்தக் கருவை என்ன செய்வீர்கள்? வரிசையில் கடைசியில் வைப்போம் என்றால் சரி. அழித்துவிடுவோம் என்றால், என் கருவை உறைய வைத்தே வைத்திருங்கள் என்று எழுத்தில் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.